தையல் கடையிலிருந்து பேசுகிறேன்

முகக் கோடு மறையச் சுருக்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. பல் பிடுங்கினால் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்கள். சிறுநீரகக் கல்லை எடுத்தால் அந்தக் கல்லைப் பஞ்சில் சுற்றி வைத்து விருந்தாளிகளுக்குக் காட்டுவார்கள். நெற்றியில் ஐந்து குத்து வாங்கியதை மட்டும் ஈ எறும்புக்குக்கூடத் தெரியாமல் மூடிவைப்பார்கள். அப்படி மூடிவைக்கிறவர்களுக்குப் போன் போட்டு, "வலி இருக்கா, வீக்கம் இருக்கா, இமை தொங்குதா?" என்று விசாரிப்பதுதான் போனக்காவின் உத்தியோகம்.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது வரும். தோல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிற பெண்ணிலிருந்து டாக்டரம்மா வரை எல்லாருக்கும் அவள் போனக்காதான். மாடிப்படிக்குக் கீழே, முன்பு துடைப்பமும் வாளியும் குடியிருந்த அறையில் அவளுக்கு இடம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி, கட்டுக் கட்டாகப் படிவங்கள். கொஞ்சம் உயரமானவர்கள் உள்ளே நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். போனக்கா குட்டை. "எனக்குன்னே அளவெடுத்துக் கட்டியிருக்காங்க" என்பாள்.

ஊசி போட்ட மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று ஆளுக்கு மூன்று அழைப்பு. ஏன் இந்தக் கணக்கு என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டரம்மாவிடம் கேட்டாள். கேட்காமல் எதையும் செய்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அந்த மருந்து அடிப்படையில் விஷம்தான். துளியிலும் துளியாக, சரியான தசையில் போட்டால் அந்தத் தசை மட்டும் மூன்று நான்கு மாதம் தூங்கும். நெற்றியைச் சுருக்குகிற தசை தூங்கினால் கோடு மறையும். போட்ட உடனே ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள்வாக்கில் பிடிக்க ஆரம்பிக்கும், இரண்டு வாரத்தில் முழுதாகப் பிடித்துவிடும். நல்லது கெட்டது எல்லாம் அந்த இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். பெரும்பாலும் தலைவலி, ஊசி குத்திய இடத்தில் கன்றிப்போவது, அவ்வளவுதான். எப்போதாவது ஒருவருக்கு இமை இறங்கும், அதுவும் தானாகச் சரியாகும்.

"அளவு மீறினா?" என்று போனக்கா கேட்டாள்.

"மீற மாட்டேன்."

"நீங்க மீற மாட்டீங்க. யாராவது மீறினா?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "போட்ட இடத்தோட நிக்காது. விழுங்குற தசை, பேசுற தசை, கடைசியில மூச்சு விடுற தசை. அதுக்குத்தான் உங்களைக் கேட்கச் சொல்றேன்."

கேட்பதில் போனக்காவை மிஞ்ச ஆளில்லை. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசித்தவள். எந்த வண்டி, எந்த மேடை, எத்தனை மணி, வழியில் எந்தெந்த நிறுத்தம் என்று பதினேழு ஊரை ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். ஒருநாள் நிலையத்துக்காரர்கள் அவளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, எல்லா ஊர்ப் பெயரையும் எல்லா எண்ணையும் மூன்று நாள் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அவளும் தொண்டைக்கு வெந்நீர் குடித்துக் குடித்து அழகாக வாசித்துக் கொடுத்தாள். நாலாம் நாள், இனி வர வேண்டாம் என்றார்கள். தன் குரலே தன் வேலையைப் பிடுங்கிக்கொண்டதில் அவளுக்கு வந்த கோபம் இன்றுவரை தீரவில்லை. அந்த நிலையத்துப் பக்கம் போனால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள்.

அந்தக் கோபத்தில் நெற்றியில் விழுந்த மூன்று கோடுகளைப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா ஒருமுறை இலவசமாகவே ஊசி போடுவதாகச் சொன்னார். போனக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "வேண்டாம்மா. நான் முறைச்சா எங்க அக்கா ஒருத்திதான் பயப்படுறா. அதுவும் போயிடும்."

தையல் கடை விஷயம் அவள் வேலைக்கு வந்த முதல் மாதத்தில் தொடங்கியது. ஒரு பெண்ணுக்குப் போன் போட்டால் அவள் மாமியார் எடுத்து, யார், எவர், எதற்கு என்று துருவினார். உண்மையைச் சொன்னால் மருமகளின் மானம் கப்பலேறும். போனக்கா வாய் கூசாமல், "தையல் கடையிலேர்ந்து பேசுறேன், துணி தயாரா இருக்கு" என்று அடித்துவிட்டாள். மாமியார் உடனே போனை மருமகளிடம் கொடுத்தார். அன்று சாயங்காலமே அந்தப் பெண் டாக்டரம்மாவிடம் போனக்காவைப் புகழோ புகழென்று புகழ்ந்தாள். அதற்குப் பிறகு அதுவே மருத்துவமனையின் நடைமுறையாகிவிட்டது. பெண்களுக்குத் தையல் கடை. ஆண்களுக்கு வண்டி பழுது பார்க்கிற இடம். யார் எடுத்தாலும் இதுதான். நோயாளி போனுக்கு வந்ததும் போனக்கா கேள்வியை நேராகக் கேட்பாள், அந்தப் பக்கம் 'ஆமா', 'இல்ல' என்று மட்டும் பதில் வரும். மேசைக்கு மேலே சுவரில் தட்டச்சு செய்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது: 'எக்காரணம் கொண்டும் வீட்டாரிடம் சொல்லக் கூடாது.'

"பொய் சொல்றதுக்குச் சம்பளம் வாங்குற" என்பாள் அக்கா. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்காவுக்கு முட்டி வலி, வாய்க்கு வலி இல்லை.

"பொய் இல்ல. ரகசியம்."

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?"

 இந்தக் கேள்வி வந்தாலே போனக்கா பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

படிவத்தில் ஏழு கேள்விகள், ஏழு கட்டங்கள். போனக்கா கட்டத்தில் குறி போட்டுவிட்டு, ஓரத்தில் பென்சிலால் குரலைப் பற்றி இரண்டு வார்த்தை கிறுக்குவாள். 'தூக்கக் குரல்.' 'சண்டை போட்டுட்டு வந்த குரல்.' யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை, பழக்க தோஷம். ஆட்களையும் அவள் குரலை வைத்துத்தான் நினைவு வைத்திருந்தாள். அப்படி அவள் மனதில் பிரியமாக இடம்பிடித்திருந்த ஒரு ஆள், வெண்கலக் குரல்.

வெண்கலக் குரலுக்கு நாற்பத்தெட்டு வயது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பத்தொன்பது வருஷம் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தியே அவள் புருவத்துக்கு நடுவில் இரண்டு கோடு குழிந்துவிட்டது. நாலு வருஷமாக, நாலு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து ஊசி போட்டுக்கொண்டாள். வீட்டுக்காரருக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் அதே பயிற்சிப் பள்ளியின் வண்டிகளைப் பழுது பார்க்கிறவர். வாயாடி, நல்ல மனுஷர். அவருடைய பெரிய பெருமையே மனைவியின் முகம்தான். கண்டிப்புப் பண்ணித் தினமும் விடியற்காலையில் அவளை நடக்கக் கூட்டிப்போவார். முகத்தில் கோடு மறைந்ததற்கு அந்த நடைதான் காரணம் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். "என் பொண்டாட்டி நெத்தியில ஒரு கோடு காட்டுங்க, பட்டறையை எழுதிக் குடுக்கிறேன்" என்பார். இப்படி ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிற மனுஷரிடம் எந்த வாயால் உண்மையைச் சொல்வது? முதல் வருஷம் சொல்லியிருக்கலாம். நாலு வருஷம் கழித்து எப்படிச் சொல்வது?

போனக்கா கூப்பிடும்போது சில நாள் அவர்தான் எடுப்பார். "வாங்க தையல்காரம்மா. அவ பீரோவைத் திறந்தா ஒரு புதுத் துணியும் கண்ணுல படல. தைக்கிறீங்களா, தின்னுடுறீங்களா?" என்பார். போனக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். அடக்கிக்கொண்டு, "கொஞ்சம் அவங்ககிட்ட குடுங்க சார்" என்பாள்.

அந்தமுறை வெண்கலக் குரல் வந்தபோது நெற்றியோடு கழுத்துக்கும் கேட்டாள். கழுத்தில் கயிறுபோல இரண்டு தசை தெரிகிறதாம், சீட்டு பெல்ட் போடும்போதெல்லாம் கண்ணாடியில் அதுவே முன்னால் வந்து நிற்கிறதாம். டாக்டரம்மா மறுத்துவிட்டார். கழுத்தில் விழுங்குகிற தசைகள் பக்கத்திலேயே இருக்கின்றன, முதலில் நெற்றி இரண்டு வாரம் போகட்டும், பிறகு பரிசோதித்துப் பார்த்து யோசிக்கலாம் என்றார். மாடிப்படிக்குக் கீழே தலையை நீட்டி, வெண்கலக் குரல் போனக்காவிடம் அங்கலாய்த்தாள்: "உங்க டாக்டர் ரொம்பத்தான் பயப்படுறாங்க."

மூன்றாம் நாள் அழைப்பில் குரல் மணி அடித்ததுபோல் இருந்தது. தலைவலி இல்லை, வீக்கம் இல்லை, இமை தொங்கவில்லை. எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று போனக்கா குறி போட்டாள். வைக்கப் போகும்போது வெண்கலக் குரல் அடங்கிய குரலில் சொன்னாள்: "உங்க டாக்டர் மாட்டேன்னா ஊர்ல வேற ஆளே இல்லையா? அந்த வேலையும் முடிஞ்சுது."

போனக்கா சிரித்தாள். "கில்லாடிதான் நீங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

அதை அவள் எழுதவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. 'வேறு எங்காவது ஊசி போட்டீர்களா' என்று யாரும் கேட்கச் சொல்லியிருக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் 'நல்ல குரல்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்த இரண்டு வார்த்தையைப் பிறகு எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஏழாம் நாள் வெண்கலக் குரலே போனை எடுத்தாள். "ஹலோ" என்ற ஒரு வார்த்தையிலேயே போனக்காவுக்கு வித்தியாசம் தெரிந்தது. மூக்கால் பேசுகிற குரல். வார்த்தைகள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு வந்தன.

"என்னம்மா ஆச்சு?"

"சளி. தொண்டைப் புண்ணாம். டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார்."

"நம்ம டாக்டரம்மாவா?"

"இல்ல. தெருமுனை டாக்டர்."

"ஊசி விஷயம் அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் கூடவே இருந்தார்" என்றாள் வெண்கலக் குரல். வீட்டுக்காரரைச் சொல்கிறாள். "நாளைக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

போனக்கா நேராக மாடிக்கு ஏறினாள். டாக்டரம்மா கேட்டுவிட்டு யோசித்தார். "நான் போட்டது நெத்தியில, இருபது யூனிட். அது தொண்டைக்கு இறங்க வழியே இல்ல. நிஜமாவே சளியா இருக்கும்" என்றார். போனக்கா நகரவில்லை. மூன்றாம் நாள் கேட்ட பேச்சைச் சொன்னாள்.  டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"எங்க போட்டாங்களாம்?"

"கேக்கலம்மா."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவரே மூன்று முறை போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. "நாளைக்கு வர்றேன்னாங்கல்ல, வந்ததும் முதல்ல என்கிட்ட அனுப்புங்க" என்றார். அன்று வீட்டில் போனக்கா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அக்காகூட வாயைப் பிடுங்காமல் விட்டுவிட்டாள்.

எட்டாம் நாள் காலை பத்தரை வரை வெண்கலக் குரல் வரவில்லை. எட்டாம் நாளுக்கு அழைப்பு கிடையாது. போனக்கா அழைத்தாள். வீட்டுக்காரர் எடுத்தார்.

"தையல்காரம்மாவா? துணியை அப்புறம் பார்த்துக்கலாம்மா. அவளுக்கு உடம்பு சரியில்ல." கிண்டல் எதுவும் இல்லை.

"என்ன சார் பண்ணுது?"

"தொண்டைப் புண்ணுன்னாங்க. நேத்து ராத்திரியிலேர்ந்து ரொம்ப மோசம். தண்ணி குடுத்தா மூக்கு வழியா வருது. கண்ணைத் திறக்க மாட்டேங்குறா, தூக்கக் கலக்கமா இருக்கு. தலையைக்கூட நிமிர்த்தி வெக்க முடியல. மாத்திரையை மாத்தித் தரச் சொல்லணும்."

 விழுங்குகிற தசை, பேசுகிற தசை. டாக்டரம்மா சொன்ன வரிசை போனக்காவுக்கு மனப்பாடம்.

"சார், போனை ஒரு நிமிஷம் அவங்க வாய்கிட்ட வைங்க. வாய்கிட்ட."

ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பயந்துபோயிருந்தார். சரசரவென்று துணிச் சத்தம். பிறகு மூச்சுச் சத்தம். இரைப்பு இல்லை, சளிக் கரகரப்பு இல்லை. மேலோட்டமாக, அவசர அவசரமாக, வாசல்வரை வந்து திரும்பிப் போகிற மூச்சு.

"நான்தாம்மா. ஒரே மூச்சில ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க. நடுவுல மூச்சு வாங்கக் கூடாது. முடிஞ்ச வரைக்கும்."

பதினேழு ஊரை ஒரே மூச்சில் சொன்னவளுக்கு, ஒரு மனுஷியின் நெஞ்சில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று எண்ணத் தெரியும். பேருந்து நிலையத்தில் புதிதாக வருகிறவர்களை இப்படித்தான் சோதிப்பார்கள். சாதாரண ஆள் முப்பது சொல்வார், நாற்பது சொல்வார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அ... அஞ்சு..."

அதோடு நின்றது. ஆறு வரவில்லை. மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, கழுத்துல போட்டீங்களா? ஆமான்னா ஒரு தடவை உம் கொட்டுங்க."

"ம்."

"டாக்டர்கிட்டயா?"

வார்த்தை வார்த்தையாக, மூக்கு வழியே, அந்தக் குரல் சொன்னது: "அவர்கிட்ட... சொல்லாதீங்க."

போனை வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். "என்னமோ சொல்றா, ஒண்ணும் புரியல. என்ன கேட்டீங்க நீங்க? தையல் கடைக்கு எதுக்கு ஒண்ணு ரெண்டு?"

போனக்கா மாடியை நினைத்தாள். டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஒருவருக்கு மச்சம் அகற்றிக்கொண்டிருந்தார். முடிய இருபது நிமிஷம் ஆகும். ஓடிப்போய்க் கதவைத் தட்டலாம். தட்டினால் அவள் சொல்ல வேண்டியதில்லை, டாக்டர் சொல்லிக்கொள்வார். நோயாளி வாய்விட்டு வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. வேலை போனால் அக்காவின் முட்டி மாத்திரைக்கு யார் பொறுப்பு? இத்தனையும் அவள் மனதில் ஓடியது, ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஐந்தோடு நின்ற மூச்சு இருபது நிமிஷம் காத்திருக்குமா?

"சார், நான் தையல் கடை இல்ல."

"என்ன?"

"தோல் டாக்டர் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறேன். உங்க வீட்டம்மா சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கிறாங்க. இந்தத் தடவை கழுத்துல வேற யார்கிட்டயோ போட்டிருக்காங்க. அந்த மருந்து தொண்டைக்குப் பரவியிருக்கு. இது தொண்டைப் புண்ணு இல்ல, மூச்சு குறைஞ்சுக்கிட்டே வருது. தண்ணி, மாத்திரை, எதுவும் வாயில குடுக்காதீங்க. மல்லாக்கப் படுக்க வெக்காதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்க. வாசல்லேயே சொல்லுங்க: சுருக்க ஊசி போட்டாங்க, விழுங்க முடியல, ஒரு மூச்சில அஞ்சுக்கு மேல எண்ண முடியல. இதே வார்த்தையைச் சொல்லுங்க. எங்க டாக்டர் அங்க பேசுவாங்க."

 போனக்கா திட்டுக்குத் தயாராகக் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். நாலு வருஷப் பொய்க்கு எவ்வளவு திட்டினாலும் தகும்.

"பிழைச்சிடுவாளா?" என்றார் அவர்.

"சீக்கிரம் போங்க சார்" என்றாள் போனக்கா. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகுதான் மாடிக்கு ஓடினாள். தட்டாமலேயே கதவைத் திறந்தாள். மச்சக்காரர் அலறினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு மணி நேரத்தில் வெண்கலக் குரலுக்கு மூச்சுக்குழாய் வைக்க வேண்டியதாயிற்று. விஷமுறிவு மருந்து மதியமே போட்டார்கள். அது இனிமேல் பிடிக்கப் போவதைத்தான் தடுக்கும், பிடித்துவிட்டதை அவிழ்க்காது, நரம்பு தானாகத்தான் தேற வேண்டும், வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கில்கூட ஆகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். கழுத்தில் ஊசி போட்டது ஒரு முடி அலங்காரக் கடையின் பின்னறையில். கேள்வி கேட்காமல் போட்டுவிடுவார்களாம். சுகாதாரத் துறைக்காரர்கள் போய்ப் பார்த்தபோது அங்கிருந்த குப்பிகளில் லேபிளே இல்லை. எத்தனை யூனிட், எங்கிருந்து வந்தது, எந்தக் குளிர்பெட்டியில் இருந்தது என்று போட்டவளுக்கே தெரியவில்லை. ஏதோ ஒரு வாரப் பயிற்சி முடித்த சான்றிதழைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள்.

போனக்காவின் வேலை போகவில்லை. டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, "நீங்க செஞ்சது சரி. ஆனா விதியை மீறியிருக்கீங்க, எழுத்துல ஒரு விளக்கம் குடுக்கணும்" என்றார்.

"குடுக்கிறேன். அதோட இன்னொண்ணும் எழுதிக் குடுக்கிறேன்" என்றாள் போனக்கா. நெற்றியில் மூன்று கோடும் விழுந்தன. "படிவத்துல ரெண்டு கேள்வி சேர்க்கணும். வேற எங்கயாவது ஊசி போட்டீங்களா. உங்க வீட்டுல ஒருத்தருக்காவது இது தெரியுமா, அவங்க நம்பர் என்ன. ஒருத்தருக்கும் தெரியாதுன்னா ஊசி கிடையாது. இதுக்கு நீங்க ஒத்துக்கலன்னா எனக்குப் பதிலா வேற ஆளைப் பாருங்க. என்னால இனிமே தையல் கடை நடத்த முடியாது."

"பாதிப் பேர் ஓடிடுவாங்க."

"ஓடட்டும். உயிரோட ஓடட்டும்."

 டாக்டரம்மா கீழே இறங்கிப் போய், சுவரில் இருந்த தாளைத் தானே கிழித்தார். பாதிப் பேர் ஓடவில்லை. ஐந்தில் ஒருவர் ஓடினார்கள். அவர்கள் எங்கே போனார்களோ என்று போனக்கா இன்றைக்கும் கவலைப்படுகிறாள்.

ஒன்பது நாள் கழித்துத்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். நகக்கண்ணில் கருப்பெண்ணெய். அதுவரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவள் வாயைத் திறந்ததும் குரலை வைத்து அவர் கண்டுகொண்டார்.

"என்னைப் பார்க்க மாட்டேங்குறா" என்றார். "நான் உள்ள போனா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிறா. திரும்பக்கூட சரியா முடியல அவளுக்கு. அப்படியும் திரும்புறா. நீங்க போங்க."

உள்ளே வெண்கலக் குரல் சாய்ந்த படுக்கையில் கிடந்தாள். வாயில் குழாய், பக்கத்தில் மூச்சு இயந்திரம். இமைகள் இரண்டும் கீழே விழுந்திருந்தன. முகத்தில் ஒரு கோடு இல்லை, ஒரு அசைவும் இல்லை. போனக்கா தான் யாரென்று சொன்னதும் அவள் ஒரு கை விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மறு கையை நீட்டினாள். செவிலி ஒரு அட்டையையும் பென்சிலையும் அதில் வைத்தாள்.

எழுத்து நடுங்கியது. 'சொல்லாதீங்கன்னு சொன்னேனே.'

"சொன்னீங்க" என்றாள் போனக்கா. "எனக்குக் கேட்டுச்சு. மன்னிச்சிடுங்கன்னு சொல்ல வரல. முதல் தடவை நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும், சிரிச்சுட்டு வெச்சுட்டேன். அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்க வந்தேன்."

வெண்கலக் குரல் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. இமையைப் பிடித்த விரல் வலித்திருக்க வேண்டும், இறக்கினாள். மறுபடி தூக்கினாள். மறுபடி எழுதினாள். மூன்று வார்த்தைக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

'அவர் என்ன சொன்னார்?'

ஒன்பது நாளாகக் குழாயோடு கிடந்து இவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளா! போனக்காவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"பிழைச்சிடுவாளான்னு கேட்டார்."

விரல் இமையை விடவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று அந்த ஒற்றைக் கண் காத்திருந்தது. பென்சில் அசைந்தது. 'அப்புறம்?'

"அவ்வளவுதாம்மா. வேற ஒண்ணுமே கேக்கல. இன்னிக்கு வரைக்கும் கேக்கல."

விரல் நழுவியது. இமை மூடிக்கொண்டது. மூடிய இமைக்குக் கீழேயிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. முகம் அப்படியே இருந்தது, அழுவதற்கு வேண்டிய தசை ஒன்றும் அவளிடம் அப்போது விழித்திருக்கவில்லை. போனக்கா துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள். இயந்திரம் பத்துப் பதினைந்து மூச்சு விட்ட பிறகு, கண்ணைத் திறக்காமலே, அட்டையில் கோணல்மாணலாக ஒரு வரி எழுதினாள்.

போனக்கா அதைப் படித்துவிட்டு வெளியே வந்து கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள போங்க சார்" என்றாள். "உங்களை வரச் சொல்றாங்க."